ஜான்சி வைத்த சீல்

கடலூர் முதுநகரிலிருந்து குடிகாட்டுக்குப் போகிற சாலையில், கெமிக்கல் கம்பெனிகளின் வாடை மூக்கில் ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. 'ஜான்சி டீசல் பம்பு ஒர்க்ஸ்' என்று பலகை தொங்கும். புதிதாக வருகிற லாரிக்காரர்கள், ஜான்சி என்பது முதலாளியின் மனைவி பெயரோ மகள் பெயரோ என்று நினைத்துக்கொண்டு, "மெக்கானிக்கு எங்கம்மா?" என்று அவளிடமே கேட்பார்கள். அவளும் சளைக்காமல், "உள்ள கை கழுவுறாரு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தானே கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் நிற்பாள். எட்டு வருஷமாக இதே வேடிக்கைதான். அவளுக்கு இன்னும் அலுக்கவில்லை.

டீசல் லாரி ஓடுவதும் நிற்பதும் அந்தப் பம்பின் கையில் இருக்கிறது. தொட்டியில் கிடக்கும் டீசலை அளந்து இன்ஜினுக்குள் பீய்ச்சுகிற வேலை அதனுடையது. அளவு கூடினால் கரும்புகை, குறைந்தால் இழுவை இல்லை. அளவைச் சரியாக வைத்து முடித்ததும், யாரும் நோண்டிவிடாதபடி திருகின் தலையில் ஒரு கம்பியைக் கோத்து, அதன் முனையில் ஈயக் குண்டு ஒன்றைப் போட்டுக் குறட்டால் நசுக்கிவிடுவார்கள். குறட்டின் வாயில் வெட்டியிருக்கிற எழுத்து ஈயத்தில் பதியும். அதுதான் சீல். சீல் இருக்கிற வரைக்கும் அந்த அளவுக்கு அந்தக் கடைதான் ஜவாப்தாரி. ஒரு கடைக்காரர் வைத்த சீலை இன்னொரு கடைக்காரர் வெட்டுகிறார் என்றால், முதல் ஆளுக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். அந்தச் செய்தி லாரி ஷெட்டுகளில் ஒரே நாளில் பரவும்.

ஜான்சியின் சீலில் 'ஜா' என்ற எழுத்து இருக்கும். அந்த ஓர் எழுத்துக்கு அவள் ஏழு வருஷம் காத்திருந்தாள்.

அவளுடைய அப்பா தேவசகாயம் குடிகாட்டுக்குப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன். மகளை ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்க வைத்தார். தையல் படிக்க வைக்கச் சொன்ன சொந்தக்காரர்களிடம், "தச்ச துணி கிழியும், லாரி ஓடிக்கிட்டே இருக்கும்" என்று என்னவோ ஒரு நியாயம் பேசினார். படித்து முடித்தவளுக்குக் கடலூரில் எந்தக் கடையிலும் இடம் கிடைக்கவில்லை. சிதம்பரத்தில் தில்லைநாதன் என்பவரின் பம்புக் கடையில்தான் கிடைத்தது, அதுவும் பாகங்களைக் கழுவிப் போடுகிற வேலை. கழுவிக்கொண்டே பார்த்தாள். இரண்டாவது வருஷம், பம்பைச் சுழற்றிச் சோதிக்கிற பெஞ்சில் அதை மாட்டி அளவு வைக்கத் தொடங்கினாள். நாலாவது வருஷம் அந்தக் கடையிலிருந்து போன பம்புகளில் பாதி அவள் அளவு வைத்தவை. ஆனால் ஒவ்வொரு பம்பும் முடிந்ததும் தில்லைநாதன் எழுந்து வந்து தன் குறட்டால் தன் சீலை வைத்துவிட்டு, பேசாமல் போய் உட்காருவார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. சம்பளத்தை ஒருநாள்கூடத் தள்ளிப் போட்டதில்லை. "பொம்பள வச்ச சீலுன்னா வண்டிக்காரன் ஒத்துக்க மாட்டாம்மா" என்பார். அது உண்மைதான் என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

ஏழு வருஷம் கழித்து, 2004-இல் அங்கிருந்து விலகிக் குடிகாட்டுச் சாலையில் கொட்டகை போட்டாள். சிதம்பரம் கீழவீதியில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிற ஒருவரிடம் குறட்டைக் கொடுத்து 'ஜா' என்று வெட்டி வாங்கினாள். "எவர்சில்வர்ல வெட்டியிருக்கேன், பித்தளையில வெட்டியிருக்கேன், குறட்டுல வெட்டறது இதான் மொத தடவ" என்று அவர் சிரித்தாராம். முதல் ஆறு மாதம் ஈ ஓட்டினாள். அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. உப்புத் தண்ணீர் புகுந்த படகு இன்ஜின்களின் பம்புகளை யாரும் தொடத் தயங்கியபோது, அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்து ஓட விட்டாள். படகுக்காரர்கள் சொல்லித்தான் லாரிக்காரர்கள் வந்தார்கள். ஊர் அவளுக்கு நல்ல பெயரைக் கொடுப்பதற்கு முன்னால் நன்றாக வேலை வாங்கிக்கொண்டது.

இனி 2012 ஜனவரிக்கு வரலாம்.

தானே புயல் அடித்துப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. கடலூர் டவுனில் கரண்ட் வந்துவிட்டது. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் கம்பம் நட்டு முடியவில்லை. கரண்ட் இல்லை என்றால் போர் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. அதனால் லாரியில் ஜெனரேட்டரை ஏற்றிக் கட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோய், மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பினார்கள். அண்ணாகிராமம் பக்கம் நாலு ஊருக்கு இந்த வேலையைச் செய்தது குறிஞ்சிப்பாடி ஞானசேகரனின் லாரி. அவரே முதலாளி, அவரே டிரைவர். அந்த லாரியின் பம்புக்குப் போன செப்டம்பரில் அளவு வைத்துச் சீல் போட்டவள் ஜான்சி.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அந்த லாரி கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஞானசேகரன் இறங்குகிற வேகத்திலேயே விஷயம் நல்லதில்லை என்று ஜான்சிக்குத் தெரிந்துவிட்டது.

"ஜான்சி, உன் பம்பு என்னைப் பாடாப் படுத்துது" என்றார். "விடியக்காலையில சாவி போட்டா கர்ரு கர்ருன்னு சுத்துது, புடிக்க மாட்டேங்குது. ஏர் ஃபில்டரு வாயில துணியக் கொளுத்திக் காட்டுனாதான் புடிக்குது. புடிச்சாலும் வெள்ளை வெள்ளையாப் பொகைய விட்டுக்கிட்டு மூச்சு வாங்குது. எட்டு மணி வரைக்கும் இழுவையே கெடையாது. வெயில் ஏறிடுச்சா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

"பேட்டரி பாத்தீங்களாண்ணே?"

"புதுசே மாத்திட்டேன். ஃபில்டரு மாத்தியாச்சு. மூணு மெக்கானிக்கு பாத்துட்டான். மூணு பேரும் வண்டி நல்லாத்தான இருக்குங்கறான். பொம்பளைங்க கொடத்த வச்சிக்கிட்டு நிக்குதுங்க, நான் கிறுக்கன் மாதிரி தீப்பந்தம் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். நேத்து சிதம்பரத்துல தில்லைநாதன்கிட்ட கேட்டேன். பம்புதான், சீலை வெட்டிப் பிரிச்சாத்தான் தெரியும், எடுத்தாங்கன்னாரு." அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "உங்கிட்ட சொல்லாம செஞ்சா மொறையில்லன்னு வந்தேன். சனிக்கிழமை சிதம்பரத்துக்கு ஓட்டிட்டுப் போறேன்."

ஜான்சி துணியில் கையைத் துடைத்தாள். உலகத்தில் எத்தனையோ பம்புக் கடைகள் இருக்க, தன் சீலைத் தில்லைநாதன் வெட்டப்போகிறார் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. அதைவிட மோசமான ஒன்றும் உள்ளே அரித்தது.

குளிர்ந்து கிடக்கிற இன்ஜின் முதல் தடவை பற்றிக்கொள்ளக் கொஞ்சம் கூடுதல் டீசல் கேட்கும். அதற்கும் பம்பில் ஓர் அளவு உண்டு, பம்புக் கம்பெனி தருகிற புத்தகத்திலும் கணக்கு இருக்கிறது. செப்டம்பர் வெயிலில் ஞானசேகரன் வந்து, "கரும்பொகை ஜாஸ்தியா வருது, டீசலைக் குடிக்குது" என்று புலம்பியபோது, அவள் அந்தக் கூடுதலைப் புத்தகக் கணக்குக்கும் கீழே, திருகில் அரைச் சுற்று இறக்கி வைத்திருந்தாள். இந்தக் கடலோரத்தில் என்ன குளிர் அடித்துவிடப் போகிறது என்ற நினைப்புதான். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், வருஷத்தில் பதினொரு மாதம் அது சரியாகவும் இருக்கும். அரைச் சுற்றுக்கு இத்தனை பெரிய கூத்து நடக்காதே என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். முழுசாக நம்பிச் சொல்லவில்லை.

வெளியே வந்து லாரியில் ஏறிச் சாவியைப் போட்டாள். முதல் சுற்றிலேயே பிடித்தது. சீராக ஓடியது. ஞானசேகரன் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாத்தியா! உங்கிட்ட வந்தா நல்ல புள்ளையாட்டம் இருக்குது."

"இருக்கத்தாண்ணே இருக்கும். இருபத்தஞ்சு கிலோமீட்டரு ஓடி வந்திருக்கே" என்றாள் ஜான்சி. "காய்ச்சல் விட்டப்புறம் டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போனா அவரு என்னா கண்டுபுடிப்பாரு? மூணு மெக்கானிக்கும் சூடான வண்டியத்தான் பாத்திருக்கானுங்க. குளுந்த வண்டிய இதுவரைக்கும் ஒருத்தனும் பாக்கல."

ஞானசேகரன் லாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு விடியக்காலையில நானே அங்க வரேன். நான் வர்ற வரைக்கும் யாரும் சாவி போடக் கூடாது. பந்தம் கிந்தம் கொளுத்தக் கூடாது. பானட்டைக்கூடத் தொறக்காதீங்க."

"தண்ணிக்கு லேட்டாயிடுமேம்மா."

"தெனமும் லேட்டாத்தான போவுது. ஒருநாளு எனக்காக லேட்டாவட்டும்."

ஜான்சியின் கணவர் ராபர்ட் ஒரு பள்ளிக்கூடத்து வேன் டிரைவர். பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. விடியற்காலை நாலரை மணிக்குப் பைக்கை எடுத்தவர், நெல்லிக்குப்பம் தாண்டுகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம், "லாரிக்குக் குளுருதுன்னு என்னைக் குளுர வைக்கிற பாரு" என்றார். ஜான்சி பின்னால் ஸ்வெட்டருக்குள் சுருண்டுகொண்டு, கருவிப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பனி கண்ணை மறைத்தது. வழக்கமாக அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்புகள் ரெண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்கும், ஊருக்குள் காற்று நுழையவே யோசிக்கும். இப்போது அத்தனையும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பலா மரங்கள் நடுவில் முறிந்து நின்றன. தடுக்க ஒன்றும் இல்லாமல் பனிக்காற்று நேராக வந்து முகத்தில் அறைந்தது. இந்த மார்கழியில் மட்டும் இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு குளிர் என்பது ஜான்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அரைச் சுற்றும் கூடவே ஞாபகத்துக்கு வந்தது.

மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துத் திடலில் லாரி நின்றிருந்தது. மேடேறித் தொட்டிக்கு அடியில் போனால்தான் ஜெனரேட்டரின் கேபிள் மோட்டாருக்கு எட்டும். குடங்களின் வரிசை திடலைத் தாண்டித் தெருவரைக்கும் போயிருந்தது. அதன் முனையில், முக்காடு போட்ட புடவையோடு விருத்தாம்பாள் உட்கார்ந்திருந்தாள். சாலை போடுகிற வேலைக்குப் போகிறவள். ஏழு மணிக்கு வேன் வந்துவிடும், அதற்குள் தண்ணீர் பிடித்து வீட்டில் சேர்க்காவிட்டால் அன்றைக்கு வீட்டில் உலை கிடையாது. ஒருவாரமாக அவள் தினமும் குடத்தைக் காலியாகத் தூக்கிக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தாள்.

"இதானா நீங்க சொன்ன மெக்கானிக்கு?" என்று ஞானசேகரனிடம் கேட்டாள். அவர் ஆமாம் என்றார். விருத்தாம்பாள் ஜான்சியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொம்பளையா இருந்தா சரி. தண்ணி இல்லாத கஷ்டம் தெரியும்" என்றாள்.

லாரியின் மேலே, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் சுப்புராயன் குந்தியிருந்தார். மூணு ஏக்கர் முந்திரியைப் புயலுக்குக் கொடுத்துவிட்டு, ஜெனரேட்டர் ஓட்டுகிற வேலைக்கு வந்திருக்கிறவர். மோட்டார், பைப் வேலையெல்லாம் அத்துப்படி. பொழுது விடிந்தால் போதும், பேச்சை ஆரம்பித்துவிடுவார். அன்றைக்குக் குளிரில் அவரும் அடங்கிப்போயிருந்தார்.

ஜான்சி பானட்டைத் திறந்து இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கிணற்றுக் கல்லைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது. "இப்பதாண்ணே நோயாளி கெடைச்சிருக்கான்" என்றாள். டார்ச்சை ராபர்ட்டிடம் கொடுத்துவிட்டு, முதலில் பம்பின் சீலைப் பார்த்தாள். ஈயத்தில் 'ஜா' அப்படியே இருந்தது. கம்பியை யாரும் தொடவில்லை. அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி, உடனே ஒரு பயம். யாரும் தொடவில்லை என்றால் உள்ளே என்ன இருந்தாலும் அது அவள் வைத்ததுதான்.

பையிலிருந்து ஒரு நீளமான டியூபை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப்தான். கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே போவது தெரியும். டீசல் தொட்டியிலிருந்து வருகிற குழாயைப் பம்புக்கு முன்னால் கழற்றி, நடுவில் அந்த டியூபைக் கோத்தாள்.

"லாரிக்கு டிரிப்ஸ் ஏத்தறாங்கடி" என்று வரிசையில் யாரோ சொல்ல, குடங்களுக்கு நடுவில் சிரிப்பு எழுந்தது.

"ஏத்தல, என்னா ஏறுதுன்னு பாக்குறேன்" என்றாள் ஜான்சி. "அண்ணே, சாவி போடுங்க."

இன்ஜின் கர்ரு கர்ரென்று சுற்றியது, பிடிக்கவில்லை. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் டியூபுக்குள் டீசலோடு கூடவே குமிழிகள் ஓடின. ஒன்றிரண்டு இல்லை, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி சரம் சரமாக.

"ஏர் எடுக்குது" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷம் ராபர்ட்டுக்கு மட்டும் புரிந்தது. வழியில் எங்கேயோ காற்று புகுகிறது என்றால் கோளாறு பம்புக்கு வெளியே இருக்கிறது.

குழாயைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனாள். ஒவ்வோர் இணைப்பிலும் விரலை ஓட்டினாள். லாரியின் பக்கவாட்டில், தார்ப்பாய்க்கு அடியில் அவள் கை நின்றது. பம்புக்குப் போகிற குழாயை நடுவில் வெட்டி, மூன்று முனை உள்ள ஓர் இணைப்பைச் செருகி, அதிலிருந்து இன்னொரு குழாயை மேலே ஜெனரேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் குழாய். தோட்டத்தில் மரத்துக்கு மரம் சொட்டுநீர் விடுகிற குழாய்.

"இது யாரு வேலை?"

லாரியின் மேலிருந்து சுப்புராயன் மெதுவாக எட்டிப் பார்த்தார். "நான்தாம்மா போட்டேன். ஒவ்வொரு ஊருலயும் கேன்ல டீசல் ஊத்தவேண்டியிருக்கு, சிந்துது. லாரி டேங்கிலிருந்தே நேரா எடுத்தா நல்லாருக்குமேன்னு... நம்ம தோப்புல இருந்த டியூபுதான். மரந்தான் போச்சு, டியூபாவது ஒதவட்டுமேன்னு. ஒரு சொட்டு ஒழுகல பாருங்க!"

"உள்ளேர்ந்து வெளியில ஒழுகலண்ணே. வெளியிலேர்ந்து உள்ள ஒழுகுது."

ஞானசேகரனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "யோவ் மாமா, ஒன்னை யாருய்யா இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்று கத்தத் தொடங்கியவரை ஜான்சி கையைக் காட்டி நிறுத்தினாள். "கத்தாதீங்க. இதான்னு இன்னும் நான் சொல்லல. பாத்துட்டுச் சொல்றேன்." அவள் வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "அக்கா, ஒரு சொம்பு வெந்நி வேணும்."

விருத்தாம்பாளுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "தண்ணிக்காவ ஒரு வாரமா நிக்குறோம், எங்ககிட்டயே தண்ணி கேக்குறியா நீ?"

"ஒரு சொம்பு குடுங்க, நூறு கொடமாத் திருப்பித் தரேன்."

என்னவோ முனகிக்கொண்டே விருத்தாம்பாள் எழுந்து போனாள். பத்து நிமிஷத்தில், வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரைச் சுட வைத்துக் கொண்டுவந்தாள். ஜான்சி அந்த இணைப்பைப் பழைய துணியால் சுற்றி, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் ஊற்றினாள். பிளாஸ்டிக் இளகிப் பிடித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் கொடுத்தாள். "இப்ப போடுங்கண்ணே."

இன்ஜின் சுற்றியது. டியூபுக்குள் குமிழிகள் குறைந்தன, நின்றன. பழுப்புத் தேன் மாதிரி டீசல் மட்டும் ஓடியது. சுப்புராயன் கீழே இறங்கி வந்து முழங்காலில் கையை ஊன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரிக் குளுருல இந்தப் பிளாஸ்டிக்கு வெறைச்சுப் போயி வாயை விட்டுடுது" என்றாள் ஜான்சி. "அது வழியாக் காத்து பூந்து, குழாயில இருக்கற டீசல் மொத்தமும் டேங்குக்குத் திரும்பிடுது. காலையில பம்பு டீசலுக்குப் பதிலா காத்தக் குடிக்குது. வெயில் ஏறுனா பிளாஸ்டிக்கு இளகித் தானே மூடிக்குது. அதான் பத்து மணிக்குப் பாத்தவன் எவனுக்கும் தெரியல."

பிளாஸ்டிக் குழாயை இணைப்போடு உருவி எறிந்து, ஜெனரேட்டருக்குப் பழையபடி கேனிலேயே ஊற்றச் சொல்லிவிட்டு, பையிலிருந்த நல்ல குழாய்த் துண்டை வைத்து ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முறுக்கினாள். குளுக்கோஸ் டியூபைக் கழற்றிவிட்டுப் பழைய குழாயை மாட்டினாள். உள்ளே இருந்த காற்றைப் பம்படித்து வெளியேற்றினாள். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. பந்தம் இல்லை, துணி இல்லை. வரிசையில் குலவை போடாத குறைதான். ஞானசேகரனின் முகம் ஒரு வாரத்துக்கு அப்புறம் மலர்ந்தது.

"பம்பு இல்ல, டியூபு!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். "ஜான்சிம்மா, உன் சீலை வெட்டவிட இருந்தனே நானு. இரு, அந்தத் தில்லைநாதனுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்றேன்."

அவர் போனைத் தேடினார். சுப்புராயன் கேபிளை இழுக்கப் போனார். பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஜான்சி மட்டும் நகரவில்லை. புகைக் குழாய்க்குப் பின்னால் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளையாகத்தான் வந்துகொண்டிருந்தது. முன்பு இருந்த அளவு இல்லை; மிச்சம் இருந்தது அந்த அரைச் சுற்றின் வேலை. இன்ஜின் ஓடியது, ஆனால் இடையிடையே தட்டுத் தடுமாறியது. பத்து நிமிஷத்தில் சூடாகித் தெளிந்துவிடும். இந்தத் திடலில் இதைக் கவனித்தவர் வேறு ஒருவரும் இல்லை, ராபர்ட்கூட இல்லை. அவள் சும்மா பைக்கில் ஏறிப் போய்விட்டால் போதும், சீலும் தப்பும், பெயரும் கூடும். தில்லைநாதன் தோற்றார் என்று கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பேசுவார்கள். அத்தனை வருஷம் அவள் வேலையின்மேல் தன் சீலை வைத்த மனிதர். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆசை இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவும் கூடாது.

இந்தப் பக்கம் ஞானசேகரன் போனில், "அண்ணே, வணக்கம், நான் ஞானசேகரன்" என்று ஆரம்பித்திருந்தார். ஜான்சி பையைத் திறந்து கட்டரை எடுத்தாள். பானட்டுக்குள் குனிந்து, தான் வைத்த கம்பியைத் தானே வெட்டினாள். ஈயக் குண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

ஞானசேகரன் பாதிப் பேச்சில் நின்றார். "என்னாம்மா பண்ற? அதான் சரியாயிடுச்சே!"

"பாதிதாண்ணே சரியாச்சு. மீதி பாதி என்னுது."

திருகை அரைச் சுற்று ஏற்றினாள். புத்தகம் சொன்ன இடத்துக்கு. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, மறுபடி போடச் சொன்னாள். அரைச் சுற்றில் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் தடுமாற்றம் நின்றது, புகை மெலிந்து காணாமல் போனது. லாரி திடலின் மேட்டில் ஒரே மூச்சில் ஏறி, தொட்டிக்கு அடியில் போய் நின்றது. ஆறே முக்காலுக்கு மோட்டார் ஓடியது.

பாதியில் அறுந்த போன் மறுபடி அடிக்க, ஜான்சி கையை நீட்டி ஞானசேகரனிடமிருந்து அதை வாங்கினாள். அந்தப் பக்கம் தில்லைநாதன், "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஜான்சி பேசறேன். டியூபுல ஏர் எடுத்துச்சு, அதை மாத்தியாச்சு. ஆனா பம்புலயும் குத்தம் இருந்துச்சு. செப்டம்பர்ல ஸ்டார்ட்டிங் டீசலை அரைச் சுத்து கொறைச்சு வச்சிட்டேன். மார்கழியை நெனைக்கல."

தில்லைநாதன் கேட்டது ஒன்றுதான். "சீலை யாரு வெட்டுனது?"

"நான்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

ராபர்ட் பைக்கை உதைத்தார். விருத்தாம்பாள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக நிறைந்த குடங்களோடு வந்து, "நூறு கொடம் சொன்ன, இது ரெண்டுதான்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். அன்றைக்கு அவள் வேனைப் பிடித்தாள்.

திரும்பி வரும்போது ஜான்சி, "போச்சு, இனிமே ஷெட்டு ஷெட்டாச் சொல்லுவாங்க, ஜான்சி வச்ச அளவு தப்புன்னு" என்றாள். பயந்துதான் சொன்னாள். ராபர்ட், "சொல்லட்டும். தப்புன்னு சொன்னதும் ஜான்சிதான்னு சேத்துச் சொல்லுவாங்க" என்றார். சொன்னார்கள், ரெண்டையும்தான். பொங்கல் முடிந்த வாரத்தில் கொட்டகைக்கு வர வேண்டிய ரெண்டு லாரிகள் வரவில்லை. ஜான்சி பழைய ஏடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, யார் யாருக்கெல்லாம் அரைச் சுற்று இறக்கி வைத்தோம் என்று தேடி, பதினோரு பேருக்குப் போன் போட்டாள். "குளுருல மக்கர் பண்ணுதா? கொண்டாங்க, சரி பண்ணித் தரேன்" என்றாள். நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் மக்கர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஞானசேகரனும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, பெஞ்சில் அளவைச் சரிபார்த்துப் புதுச் சீல் வாங்கிக்கொண்டு போனார்.

ஜனவரிக் கடைசியில் ஒரு நாள், சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வரும் பார்சல் வேனில் ஒரு சாக்கு வந்து இறங்கியது. பிரித்தால் உள்ளே ஒரு பம்பு. சுத்தமாகத் துடைத்து, அளவு வைக்காமல் அனுப்பியிருந்தார்கள். சாக்கின் வாயில் கட்டியிருந்த அட்டையில் தில்லைநாதனின் கோணல் கையெழுத்து. 'ஊட்டிக்குப் போகிற வண்டி. குளிருக்கு அளவு நீ வை. சீலும் நீயே வை.'

ஜான்சி அந்த அட்டையை ரெண்டு தடவை படித்தாள். கண் கலங்கியது, கையில் கிரீஸ் இருந்ததால் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டாள். பம்பைப் பெஞ்சில் மாட்டி, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அளவு வைத்தாள். முடிந்ததும் கம்பியைக் கோத்து, ஈயக் குண்டைப் போட்டு, குறட்டை அழுத்தினாள்.